லேப் மிஷின்களில் விம் பிளகின்: விம்-பிளக்கா, கிட் சப்மாட்யூலா?

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் பிளகினை ஒரே ஒரு மிஷினில் போட எந்த வழியும் சரிதான். கோயமுத்தூர், ஈரோடு பக்கத்துக் கல்லூரி லேப் மாதிரி 60 மிஷின், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இன்டர்நெட் லைன், செமஸ்டர் கடைசியில் பிராக்டிகல் தேர்வு என்று வரும்போதுதான் வழிகளுக்கு இடையிலான வித்தியாசம் தெரியும். கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘கமிட்’ என்று எண்ணோடு பதிந்து வைக்கும் கருவி கிட், அப்படிப் பதியும் ஃபோல்டர் ரெப்போ, ஒரு ரெப்போவுக்குள் இன்னொன்றைக் குறிப்பிட்ட கமிட்டில் இணைப்பது சப்மாட்யூல். எங்கள் லேபுக்கு விம்மின் சொந்த பேக்கேஜ் வசதியும் கிட் சப்மாட்யூலும் போதும் என்று முடிவு செய்தோம். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

போடுவதில் உள்ள சுலபத்தில், பிளகின்களை இறக்கி நிர்வகிக்கும் விம்-பிளக் முந்தி நிற்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆட்டோலோட் ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல், விம்மின் அமைப்பு ஃபைலான விம்ஆர்சியில் பிளகினுக்கு ஒரு வரி, டெர்மினலில் ‘விம் +பிளக்இன்ஸ்டால் +க்யூஆல்’. வேலை முடிந்தது. பல பிளகின்களை ஒரே நேரத்தில் இறக்கும், தேவைப்படும்போது மட்டும் லோடு செய்யவும் தெரியும். எதில் போனாலும் முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: உபுண்டுவோடு வருவது பெரும்பாலும் விம்-டைனி என்ற சுருக்கப் பதிப்பு. அதில் ஸ்கிரிப்ட் ஓடும் வசதியே கிடையாது, எந்த பிளகினும் எடுக்காது. முழு விம்மைப் போட்ட பிறகே மற்றது.

முடிவைத் தீர்மானிப்பது வெர்ஷன். பிளக்இன்ஸ்டால் அந்த நேரத்தில் ரெப்போவில் எது புதிதோ அதைத்தான் இறக்கும். ஜூனில் போட்ட மிஷினும், ஹார்டு டிஸ்க் மாற்றி ஆகஸ்டில் போட்ட மிஷினும் ஒரே விம்ஆர்சியை வைத்துக்கொண்டு வேறு வேறு கோடை ஓட்டும். திருப்பூரில் ஒரே ஆர்டருக்கு இரண்டு சாய லாட் கலந்தால் ஷேடு தள்ளிப்போகிற கதைதான் இது. "ஏனுங்க சார், என்ற மிஷின்ல மட்டும் எரர் வருதுங்க" என்று ஒரு பையன் எழுந்து நிற்பது இப்படித்தான் வரும்.

விம்-பிளக்கில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வரியிலும் கமிட் எண்ணைக் கையால் எழுதலாம், அல்லது இப்போதுள்ள கமிட் எண்களை மொத்தமாக ஃபைலில் எழுதும் பிளக்ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் யாராவது ஞாபகமாக அதைச் செய்தாக வேண்டும். சப்மாட்யூலில் ஞாபகத்துக்கு வேலையே இல்லை. கமிட் எண் ரெப்போவுக்குள்ளேயே பதிந்துவிடுகிறது.

பேக்கேஜ் வசதி 2016-இல் வந்த விம் 8 முதல் உண்டு. விம் ஃபோல்டரையே கிட் ரெப்போ ஆக்குங்கள். விம்ஆர்சியையும் அதற்குள்ளேயே வையுங்கள். ஹோம் ஃபோல்டரில் பழைய விம்ஆர்சி கிடந்தால் விம் அதைத்தான் படிக்கும், ஆகவே அதை நீக்கிவிட வேண்டும். பிறகு ‘பேக்/லேப்/ஸ்டார்ட்’ என்ற பாதைக்குள் ஒவ்வொரு பிளகினையும் ‘கிட் சப்மாட்யூல் ஆட்’ கொடுத்துச் சேர்த்து கமிட் செய்யுங்கள். மற்ற மிஷின்களில் ‘--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்’ போட்டு குளோன் செய்தால் அதே கமிட், 60 மிஷினிலும். அப்டேட்டை ஒரு மிஷினில் ‘சப்மாட்யூல் அப்டேட் --ரிமோட்’ கொடுத்துச் சோதித்துவிட்டு, பிடித்தால் கமிட், பிடிக்காவிட்டால் பழைய கமிட்டுக்குத் திரும்பி ‘சப்மாட்யூல் அப்டேட்’. தேர்வுக்கு முந்தின வாரம் இந்தத் திரும்பும் வசதிக்கு விலையே கிடையாது.

இன்டர்நெட் சுமையும் இதில் தீரும். லேப் சர்வரில் ஒவ்வொரு பிளகினையும் ‘கிட் குளோன் --மிரர்’ கொடுத்து முழு நகலாக வைத்து, மிஷின்களின் கிட் அமைப்பில் ‘இன்ஸ்டெட்ஆஃப்’ வரி ஒன்று எழுதினால், கிட்ஹப் முகவரி தானாகவே லேப் சர்வருக்குத் திரும்பும். மிரரை எஸ்எஸ்எச் வழியாகக் கொடுங்கள். பென் டிரைவிலோ ஷேர் செய்த ஃபோல்டரிலோ வைத்து எடுத்தால் ‘ஃபைல் டிரான்ஸ்போர்ட் அனுமதி இல்லை’ என்று கிட் நின்றுவிடும். 2022 அக்டோபரில் வந்த பாதுகாப்புத் திருத்தத்திலிருந்து சப்மாட்யூல்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

சில்லறைத் தொல்லைகள் உண்டு. பிளகின் உதவிப் பக்கங்களின் அட்டவணையான ஹெல்ப் டேக்ஸ் தானாக உருவாகாது, ‘ஹெல்ப்டேக்ஸ் ஆல்’ ஒருமுறை கொடுக்க வேண்டும். கொடுத்ததும் சில சப்மாட்யூல்கள் மாறிவிட்டதாக கிட் காட்டும். ‘டாக்/டேக்ஸ்’ என்பதை குளோபல் கிட்இக்னோரில் சேர்த்தால் அடங்கிவிடும். பிளகின் ஃபோல்டருக்குள் போய் நேரடியாகத் திருத்தாதீர்கள். சப்மாட்யூல் எந்தக் கிளையிலும் நிற்காது, அங்கே போட்ட கமிட் அடுத்த அப்டேட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

விம்முக்குப் பதில் விஎஸ் கோடு எடிட்டர் கேட்கிற துறைகளும் இருக்கின்றன. அதில் பிளகினுக்குப் பெயர் எக்ஸ்டென்ஷன். ‘கோட் --லிஸ்ட்-எக்ஸ்டென்ஷன்ஸ் --ஷோ-வெர்ஷன்ஸ்’ தரும் பட்டியலை அப்படியே ‘--இன்ஸ்டால்-எக்ஸ்டென்ஷன்’ பக்கம் திருப்பிவிடலாம். ஆட்டோ அப்டேட்டை செட்டிங்ஸில் நிறுத்தி வைப்பது நல்லது. ஆஃப்லைனுக்கு, எக்ஸ்டென்ஷனை ஒரே ஃபைலாகக் கட்டித் தரும் விஎஸ்ஐஎக்ஸ் உதவும். சி++ போன்ற சிலவற்றுக்கு லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் தனித்தனி ஃபைல். விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மில், லேசி.என்விம் என்ற பிளகின் மேனேஜர் கமிட் எண்களைத் தானாகவே லாக் ஃபைலில் எழுதி வைக்கிறது, எனவே என் வாதம் அங்கே அவ்வளவாகச் செல்லாது. அதைப் பல மிஷின்களில் நான் நடத்திப் பார்த்ததில்லை.

போட்ட பிறகு கம்பைல் கேட்கும் யூகம்ப்ளீட்மீ மாதிரி பிளகின்கள்தான் வேண்டும் என்றால் விம்-பிளக் பக்கம் போவது நல்லது. பிளகின் இறங்கியதும் ஓடும் அதன் ‘டூ’ ஹூக் அந்த வேலையைத் தானே முடித்துவிடும், சப்மாட்யூலில் நீங்கள்தான் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். நீக்குவதிலும் விம்-பிளக்கே சுலபம்: வரியை அழித்து பிளக்கிளீன். சப்மாட்யூலில் ‘டிஇனிட்’, பிறகு ‘கிட் ஆர்எம்’, கடைசியாக கிட் ஃபோல்டருக்குள் இருக்கும் மாட்யூல்ஸில் அந்த பிளகின் பெயரில் உள்ளதையும் அழிக்க வேண்டும். கடைசிப் படியை விட்டுவிட்டு அதே பாதையில் வேறு ஃபோர்க்கை (அதே பிளகினை வேறொருவர் பிரித்து வைத்திருக்கும் நகலை) சேர்க்கப் போனால், பழைய கிட் ஃபோல்டர் ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லி கிட் மறுத்துவிடும்.