மாவுக்கட்டுக்குள் பயிற்சி: மனதில் பார்ப்பதா, கையில் உணர்வதா?

போன வருஷம் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "கையை அசைக்க வேண்டாம், அசைப்பதாக மனதில் நினைத்துப் பழகுங்கள்" என்றார் பிசியோதெரபிஸ்ட். நினைப்பதிலேயே இரண்டு வழி உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒன்று, கை அசைவதை எதிரே நின்று பார்ப்பது போல மனக்கண்ணில் ஓட்டுவது. இன்னொன்று, அசைக்கும்போது கைக்குள் என்ன தெரியுமோ அதை அப்படியே உணர்வது.

பார்க்கிற வழி சுலபம். பஸ்ஸில் உட்கார்ந்தும் செய்யலாம். புது அசைவு ஒன்றின் வரிசையை மனதில் பதிக்க இது போதும். முதல் வாரம் நான் இதைத்தான் செய்தேன்.

இரண்டாவது வாரத்தில் மாறிவிட்டேன். நனைந்த வேட்டியைப் பிழிவதை எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் துணி முறுக்கேறி உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளும். முன்கையின் அடிப்பக்கம் கயிறு போல இறுகும். கட்டைவிரல் அடியில் கடுக்கும். ஈரம் மணிக்கட்டில் வழியும். இவ்வளவும் நடக்கும்போது கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நுனிகள் அசையவே கூடாது. பத்து நிமிஷத்தில் நெற்றி வேர்த்துவிடும். அவ்வளவு கவனம் கேட்கிறது.

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்றால், வேண்டும். நினைப்பு உடம்பில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1931-லேயே மின்முனை வைத்து இதை அளந்தார். கையை மடக்குவதை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னபோது கண் தசைகளில் மின்துடிப்பு தெரிந்தது. மடக்குவதை உணரச் சொன்னபோது கைத்தசையில் தெரிந்தது. மிகச் சிறிய துடிப்பு அது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் தசை முழு அமைதியாகவே இருந்திருக்கிறது. ஆனால் தசைக்குப் போகும் பாதை விழித்துக்கொள்கிறது. மூளையின் இயக்கப் பகுதியைக் காந்தத் துடிப்பால் தூண்டி, கட்டைவிரல் தசை எவ்வளவு துள்ளுகிறது என்று 2006-ல் சில ஆய்வாளர்கள் அளந்தார்கள். உணர்ந்து நினைத்தபோது துள்ளல் கூடியது. வெறுமனே மனக்கண்ணில் பார்த்தபோது கூடவில்லை.

கட்டுப் போட்ட கைக்கு வேண்டியது இந்தப் பாதைதான். அசையாமல் கிடக்கிற கையில் தசை மெலிவது ஒரு பக்கம். அதை முழு மூச்சாக இயக்கும் பழக்கத்தை மூளை விடுவது இன்னொரு பக்கம். அமெரிக்காவின் ஓஹியோவில் நல்ல மணிக்கட்டுக்கே நாலு வாரம் கட்டுப் போட்டு 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சும்மா இருந்தவர்கள் சுமார் 45 சதவீத பலத்தை இழந்தார்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 52 தடவை, முழு பலத்தோடு மணிக்கட்டை மடக்கித் தள்ளுவதாக நினைத்தவர்கள் இழந்தது சுமார் 24 சதவீதம். பாதி நஷ்டம் மிச்சம்!

சதை வற்றுவதை இது தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று என் முன்கை வெளிறி, இடது கையைவிட ஒரு சுற்று மெலிந்துதான் இருந்தது. ஆனால் சொன்னவுடன் விரல் மடங்கியது. மூன்றாம் நாள் தம்ளரைப் பிடித்தேன். நினைத்துப் பழகியதால்தான் என்று ஒரே ஒரு கையை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். முழங்கால், கணுக்கால் முறிவில் எனக்கு அனுபவம் கிடையாது.

உணர்வு பிடிபடவில்லை என்று சிலர் முதல் நாளே விட்டுவிடுகிறார்கள். எனக்கும் வரவில்லை. நல்ல கையால் ஒரு ஈரத்துண்டை நிஜமாகவே இறுக்கிப் பிழிந்தேன். அந்த இறுக்கம் மறைவதற்குள் கண்ணை மூடி, அதைக் கட்டுக்குள் இருக்கிற கைக்கு மாற்றினேன். நாலைந்து நாளில் துண்டு இல்லாமலே வந்தது.