ஊசியா, மைக்ரோஸ்கோப்பா? விந்தணு எடுக்கும் இரண்டு வழிகள்
மார்த்தாண்டத்தில் என் சித்தப்பா மகன் துபாயிலிருந்து 45 நாள் லீவில் வந்திருக்கிறான். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு ரிப்போர்ட். விந்தணு எண்ணிக்கைக்கு நேரே ‘நில்’ (Nil), அதாவது ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் ஐந்து வருஷம் ஸ்கேனும் மாத்திரையும் எல்லாம் அவன் மனைவிக்குத்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாகர்கோவிலில் ஓரிடத்தில் ஊசியால் எடுக்கலாம் என்றார்களாம், திருவனந்தபுரத்தில் மைக்ரோஸ்கோப் ஆபரேஷன் என்றார்களாம். “அண்ணா, எது நல்லது?” என்று கேட்டான்.

அது அணு ஏன் வரவில்லை என்பதைப் பொறுத்தது. விரையில் உற்பத்தியாகி வழியில் அடைபட்டிருக்கலாம், அல்லது உற்பத்தியே கோளாறாக இருக்கலாம். அடைப்பு என்றால் விரையின் அளவும், விரையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விரை சிறுத்து எஃப்எஸ்ஹெச் ஏறியிருந்தால் உற்பத்தியைச் சந்தேகிக்க வேண்டும். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்களுக்கும் அணு நின்றுபோகலாம். அவர்கள் முதலில் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அடைப்பு உள்ளவர்களுக்கு ஊசியே போதும். விரையின் பின்னால் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸில் குத்தி உறிஞ்சினால் அது பீசா, விரைக்குள்ளேயே குத்தினால் டீசா. மரத்துப்போக மருந்து போட்டுச் செய்வார்கள், அன்றே வீட்டுக்குப் போகலாம். பத்தில் ஒன்பது பேருக்கு அணு கிடைத்துவிடும். இவர்களிடம் மைக்ரோஸ்கோப் ஆபரேஷனுக்குக் காசு வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கருத்தடை ஆபரேஷன் செய்தவர்கள் என்றால், மனைவிக்கு வயது குறைவாக இருக்கும் பட்சத்தில், குழாயை மறுபடி இணைப்பது பற்றியும் கேட்கலாம்.

உற்பத்திக் கோளாறில் கதை வேறு. விரைக்குள் அணு தீவு தீவாகத்தான் இருக்கும். குருட்டுத்தனமாகக் குத்தும் ஊசி அந்த இடத்தைத் தவறவிடலாம். 1999-இல் நியூயார்க் மருத்துவர் பீட்டர் ஷ்லெகல் வெளியிட்ட மைக்ரோ டீசி முறையில் மயக்கம் கொடுத்து விரையைத் திறந்து, 15 முதல் 25 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். உள்ளே சேமியா மாதிரி நுண்குழாய்கள். மெலிந்து கிடப்பவற்றை விட்டுவிட்டு, தடித்து வெளுத்திருப்பவற்றை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். அப்படியும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும். அதனால் ஒய் குரோமோசோம் ரத்தப் பரிசோதனையை முன்னாலேயே கேளுங்கள். அந்தக் குரோமோசோமில் அணு உற்பத்திக்கான ஏஇசட்எஃப் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் கத்தி வைத்தும் பயனில்லை.

எப்படி எடுத்தாலும் அடுத்தது இக்சிதான், ஒரு முட்டைக்குள் ஓர் அணுவை ஊசியால் செலுத்துவது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி: அடைப்பு வகையில் அணு தாராளமாகக் கிடைப்பதால் உறையவைத்துவிட்டுப் போகலாம். மைக்ரோ டீசியில் கிடைப்பதே கொஞ்சம், உறையவைத்து எடுக்கும்போது அதிலும் சில வீணாகும். ஆகவே மனைவிக்கு முட்டை எடுக்கும் நாளை ஒட்டியே பலர் செய்கிறார்கள். அதற்கு லீவு நீள வேண்டும்.

சரி, தம்பிக்கு என்ன? ‘நில்’ இருந்த அதே தாளில் இரண்டு வரி மேலே விந்தின் அளவு 0.8 மில்லி என்றிருந்தது. 1.4-க்குக் கீழே போனாலே குறைவு. அமிலத்தன்மையும் இருந்தது. புது டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லை என்றார். வழி இல்லாததும் அடைப்பு வகைதான். ஆக, ஊசிதான். இந்தக் குறைக்குப் பெரும்பாலும் காரணமான சிஎஃப்டிஆர் மரபணு மனைவியிடமும் பிசகியிருந்தால் பிள்ளைக்கு நோயாக இறங்கலாம் என்பதால், இருவர் ரத்தமும் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. லீவில் இன்னும் 19 நாள் இருக்கிறது.