இரண்டு பாடல்களில் மட்டும் சார்லி வாட்ஸ்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ ஆல்பம் 2023 அக்டோபர் 20 அன்று வெளிவந்ததிலிருந்தே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். புதிய சொந்தப் பாடல்களோடு இவர்கள் ஓர் ஆல்பம் தருவது 2005க்குப் பிறகு இதுதான் முதல் முறை. எண்பது வயதிலும் பாடகர் மிக் ஜாகர் இப்படிப் பாடியிருக்கிறாரே என்று ஒரு கட்சி கொண்டாடுகிறது. மற்றொரு கட்சிக்குத் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் மேல் தீராத கோபம். ஒலியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டாராம். ஜாகரின் குரலைக்கூடக் கணினியில் திருத்தியிருப்பார்களோ என்று சந்தேகிக்கிறார்கள்.

நான் மெல்லிசைக் குழுக்களில் ட்ரம்ஸ் வாசிப்பவன். எந்தப் பாட்டானாலும் என் காது முதலில் தாளத்துக்குத்தான் போகும். இந்தச் சண்டைக்கும் விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குழுவின் நெடுநாள் ட்ரம்மர் சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் காலமானார். பன்னிரண்டு பாடல்களில் ‘மெஸ் இட் அப்’, ‘லிவ் பை த ஸ்வோர்ட்’ ஆகிய இரண்டில் மட்டுமே அவர் வாசித்தது இருக்கிறது. ஸ்னேர் என்ற சிறிய ட்ரம்மில் அடி விழும்போது அவருடைய மற்றொரு கை ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டைத் தொடாது. எங்களில் பெரும்பாலானோர் இரண்டையும் சேர்த்தே அடிப்போம். அவர் விட்ட அந்தச் சின்ன இடைவெளியில் ஸ்னேர் தனித்து ஒலிக்கும்; கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் உள்ளே வர இடம் கிடைக்கும். 1993இல் குழுவை விட்டு விலகிய பில் வைமனும் ‘லிவ் பை த ஸ்வோர்ட்’ பாடலுக்காகத் திரும்பி வந்து பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார். பியானோவில் எல்டன் ஜான் இருந்தும் என் காது பழைய இருவரையும் விட்டு நகரவில்லை. ‘மெஸ் இட் அப்’ பாடலின் டிஸ்கோ நடை எனக்கு ஒட்டவே இல்லை. சார்லிக்காகக் கேட்கிறேன்.

கடைசிப் பாடல் தவிர மற்றவற்றில் ட்ரம்ஸ் ஸ்டீவ் ஜோர்டன். இவர் வந்ததால்தான் ஆல்பம் கெட்டது என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. கீத்தின் தனி ஆல்பங்களில் 1980களிலிருந்தே வாசித்தவர். தன் இடத்துக்குச் சார்லியே கைகாட்டியவர். குறை அவர் கையில் இல்லை, ஒலிக்கலவையில் இருக்கிறது. ‘ஆங்ரி’யைக் கேளுங்கள். மெல்லத் தட்டியதும் ஓங்கி அடித்ததும் ஒரே கனத்தில் வந்து காதில் மோதுகின்றன. ஏற்ற இறக்கம் இல்லாத தாளம் சீக்கிரம் அலுத்துவிடும். இந்த விஷயத்தில் கோபக்காரர்கள் பக்கம்தான் நான். ‘ஹோல் வைட் வேர்ல்ட்’ பாடலிலும் இதே தொல்லை, அதைத் தாண்டிவிடலாம். பால் மெக்கார்ட்னி கரகரவென்று பேஸ் வாசிக்கும் ‘பைட் மை ஹெட் ஆஃப்’ மட்டும் அந்தச் சத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது.

அதே ஜோர்டன் ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ பாடலில் என்ன செய்கிறார் பாருங்கள்! ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. லேடி காகா ஜாகரோடு சேர்ந்து உச்சத்துக்கு ஏறுகிறார், ஸ்டீவி வொண்டர் கீபோர்டில் இருக்கிறார். முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் பாட்டு மறுபடி எழும்புகிறது. அங்கே ஜோர்டன் அவசரப்படாமல், அடிக்கு அடி கனம் கூட்டி அவர்களை ஏற்றிவிடும் பக்குவத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

கடைசியில் ‘ரோலிங் ஸ்டோன் ப்ளூஸ்’. அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1950இல் பதிவு செய்த பாடல். 1962இல் இவர்கள் தங்கள் குழுவுக்குப் பெயர் எடுத்தது இதிலிருந்துதான். ஜாகரின் குரலும் மௌத் ஆர்கனும், கீத்தின் கிட்டாரும்தான். ட்ரம்ஸே கிடையாது. ஆனாலும் ஆல்பத்திலேயே காலப்பிரமாணம் மிக அழகாக அமைந்த பாடல் இதுதான் என்பேன்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் எட்டாவது பாடலில் தொடங்கிக் கடைசி வரை கேளுங்கள். முதல் ஏழுக்கு அதன் பிறகு போகலாம்.