கறுப்புத் துணி கொடுத்து அனுப்பிய சாயக்கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் முதல் முறையாகச் சொந்த வீட்டுக்குத் தாங்களே சாயம் அடிக்கப் போகிறவர்கள், பெரிய சாலையில் இருக்கும் அந்தப் பழைய சாயக்கடைக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். பெயர்ப்பலகை வெளுத்துப் போயிருக்கும். வாசலில் ஏணிகள் சாய்த்து வைத்திருப்பார்கள். நான் பல தடவை போய் வந்தேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எனக்கு 51 வயது. குடியிருந்த எந்த வீட்டுக்கும் இதுவரை நிறம் நான் பார்த்து வைத்ததில்லை. பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குத் தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீட்டில். நிர்வாகம் ஆள் அனுப்பும், சுண்ணாம்பு அடிப்பார்கள். மேலே வெள்ளை, அடியில் ஒரு முழத்துக்குத் தார்க் கறுப்பு. அப்பாவுக்கு 55 வயதாகி வேலை நின்றதும் அந்த வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினோம். பிறகு எல்லாம் வாடகை வீடுகள். போன வருஷம்தான் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு பழைய மலிவு விலை வீடு கைக்கு வந்தது. ஹாலுக்கும் அறைகளுக்கும் சேர்த்துச் சாயம் அடிக்க ஒரு கான்ட்ராக்டர் 2,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். தீபாவளிக்கு ஹாலை மட்டுமாவது நாமே அடித்துவிடலாம் என்று நானும் மகனும் முடிவு செய்தோம்.

கடையில் போய் நின்றதும் 18 லிட்டர் வாளி ஒன்று வேண்டும் என்றேன். கடை முதலாளியான சீனத் தவுக்கேக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுகிறார். அவர் வாளியைத் தொடவே இல்லை.

“தங்கச்சி, சுவர் எப்படி இருக்கு? கையில மாவு மாதிரி ஒட்டுதா? எங்கயாவது கறுப்பு புடிச்சிருக்கா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே போய் ஒரு கறுப்புத் துணியைக் கிழித்துக் கொண்டுவந்தார். “இத வச்சி நாலு சுவரும் தேய். நீளம், உயரம் அளந்துக்க. நாளைக்கு வா.” அன்றைக்கு என்னிடம் ஒரு காசு வாங்கவில்லை.

வீட்டில் தேய்த்துப் பார்த்தால் துணி கோதுமை மாவில் புரட்டியது போல் வெளுத்துவிட்டது. பழைய சாயம் தூளாகிக் கிடக்கிறது. அதன்மேல் புதுச் சாயம் அடித்தால் அது சுவரைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும், கொஞ்ச நாளில் தூளோடு சேர்ந்து உரியும் என்று மறுநாள் விளக்கினார். எங்கள் வாடகை வீட்டில் வருஷா வருஷம் அடித்தும் சாயம் அப்பளம் போல் உரிந்து விழுந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

கணக்கும் அவரே போட்டார். சுற்றளவு 20 மீட்டர், உயரம் 3 மீட்டர், மொத்தம் 60 சதுர மீட்டர். கதவு ஜன்னலுக்கு 8 கழித்தால் 52. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். இரண்டு பூச்சுக்குக் கிட்டத்தட்ட 10 லிட்டர், அதாவது 5 லிட்டர் டின் இரண்டு. அதற்கு முன்னால், சாயம் சுவரைப் பிடிக்க அடியில் அடிக்கும் சீலர் 5 லிட்டர் ஒரு பூச்சு. 18 லிட்டர் கேட்டு வந்தவளிடம் சாயம் 10 லிட்டர்தான் விற்றார். இதற்காகவே அந்தக் கடைக்கு என் முழு மதிப்பெண்.

நிறம் பார்த்தது அம்மா. தவுக்கேயின் மகள் நிற அட்டையை வீட்டுக்கே கொடுத்துவிட்டார். “காலையிலயும் ராத்திரி லைட்லயும் சுவத்துல வச்சிப் பாருங்க ஆன்ட்டி” என்றார். அம்மாவுக்கு 76 வயது. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் புரட்டினார். “லயத்துல எந்தத் துரை நம்மளக் கேட்டு அடிச்சாரு?” என்றார். கடைசியில் சந்தன நிறத்தில் விரலை வைத்தார்.

வேலையில் முக்கால்வாசி சாயம் திறப்பதற்கு முன்னால்தான். சுரண்டினோம், கழுவினோம், விரிசலை அடைக்கும் புட்டிப் பசை வைத்து மணல்தாளால் தேய்த்தோம். குளியலறைச் சுவரை ஒட்டிப் பூஞ்சை பிடித்த இடத்துக்கு, துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவினோம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதோடு வேறு எந்தச் சுத்தம் செய்யும் திரவத்தையும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பலாம். அக்டோபரில் இங்கே மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டும், சுவர் காயாது. அதனால் காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒரு பூச்சு, அடுத்த பூச்சு மறுநாள் காலை.

இனி குறைகள். முதலில் கொடுத்த மலிவு ரோலர் பஞ்சு உதிர்த்தது. சுவரில் ஒட்டிய இழைகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. 14 வெள்ளி ரோலரை முதலிலேயே காட்டியிருக்கலாம். அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. சமையலறைப் பக்கத்துச் சுவர் சாயத்தை அதிகமாகக் குடித்துவிட்டது, இரண்டாவது பூச்சுக்குப் போதவில்லை. ஒரு லிட்டர் கூடுதலாக வாங்கி அடித்தோம். அதே நிற எண்தான், கடையில் நிறம் கலக்கும் அதே இயந்திரம்தான் கலந்தது. ஆனாலும் காய்ந்த பிறகு காலை வெயிலில் கோடு போட்டது போல் வித்தியாசம் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கலந்த சாயத்தைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் எல்லா டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தவுக்கேயின் மகள் அதை ஒத்துக்கொண்டு வழியும் சொன்னார். நடுச்சுவரில் ஒட்டுப் போடாமல், மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் புதிதாகக் கலந்த சாயத்தாலேயே அடிக்க வேண்டும். இரண்டு நிறமும் மூலையில் சந்தித்தால் கண்ணுக்குத் தெரியாது. செய்தோம். இப்போது தெரியவில்லை.

மொத்தச் செலவு 431 வெள்ளி, ரோலர், டேப், புட்டி எல்லாம் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. தீபாவளி நெருங்கினால் கூட்டம் அதிகம், சாயம் கலக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

அடுத்தது ஜன்னல் கம்பிகள், பொங்கலுக்குள் முடிக்க வேண்டும். போய்க் கேட்டேன். துருவை முழுக்கத் தேய்த்துவிட்டு வா, அப்புறம் சாயம் தருகிறேன் என்று கம்பித் தூரிகை ஒன்றை மட்டும் விற்று அனுப்பியிருக்கிறார்.