860 வெள்ளி வாங்கிக்கொண்டு, டிரிப் ஆகாமல் ‘சரி’ செய்துவிட்டுப் போனான்! உஷார் மக்களே

வீட்டில் கரண்ட் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தேடுங்கள். போனது 860 வெள்ளி. அது போனால் போகிறது என்று விட்டுவிடலாம். எங்கள் அத்தையின் உயிர் போயிருக்கும். அதனால்தான் கை நடுங்க எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், ஈசூனில், தொண்ணூறுகளில் கட்டிய நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அத்தை குளிக்க ஹீட்டர் சுவிட்சைப் போட்டார். டப்பென்று மொத்த வீடும் இருட்டு. சுவிட்ச் பெட்டியில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் பாதுகாப்பு சுவிட்ச், கீழே இறங்கியிருந்தது. டிரிப் ஆவது என்பார்களே, அதுதான். தூக்கிவிட்டால் நிற்கிறது, ஹீட்டரைப் போட்டால் மறுபடி விழுகிறது. என் வீட்டுக்காரர் துவாஸில் இரவு வேலை. குழந்தைக்கு மறுநாள் தேர்வு. சரி, ஆளைக் கூப்பிடலாம் என்று, வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியைத் திறந்தேன். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பதிவைத் தூக்கிவிடுவார்கள். குழாய், ஏர்கான், பெயிண்ட், மின்வேலை எல்லாவற்றுக்கும் ஆள் தருகிறோம் என்று ரயிலில்கூட விளம்பரம் செய்கிறவர்கள்தான். ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று நீல முத்திரையோடு ஒரு பெயர், ஐந்து நட்சத்திரம், வந்து பார்க்க 60 வெள்ளி. போட்டேன்.

வந்த ஆளைப் பார்த்தால் யாருக்குமே சந்தேகம் வராது. வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். "வணக்கம் அக்கா, சாப்பிட்டாச்சா?" என்றான். அத்தையைப் பார்த்ததும், "அம்மாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டு, அத்தை பட்டுக்கோட்டை என்றதும், "அட, நம்ம பக்கந்தான்" என்று ஐந்து நிமிடம் ஊர்க்கதை. கையில் ரப்பர் உறை, தலையில் விளக்கு, மீட்டரெல்லாம் இருந்தது. சுவிட்ச் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டே காட்டினான். "ஆர்சிசிபி பழசாயிடுச்சு அக்கா. அதான் சும்மா சும்மா விழுது. இப்ப சட்டமே வந்திடுச்சு, 2025 ஜூலையிலேருந்து எல்லா வீட்டுலயும் கட்டாயம். 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். பெரியவங்க இருக்கற வீடு, ரிஸ்க் எடுக்காதீங்க." அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் தலையாட்டினேன். அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. சட்டம் உண்மை, தேதி உண்மை, அபராதமும் உண்மை. ஆனால் அது ஆர்சிசிபியே இல்லாத வீடுகளுக்கு. 1985 ஜூலைக்கு முன்பு கட்டிய பழைய வீடுகளில்தான் அது இல்லாமல் இருக்கும். எங்கள் வீட்டில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது, அன்றைக்கு அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

பாத்ரூமில் ஏணி போட்டு மேல் சீலிங்கைத் திறந்து ஹீட்டரில் என்னவோ செய்தான். பிறகு பெட்டிக்கு வந்து புது ஆர்சிசிபி மாட்டினான். ஹீட்டரைப் போட்டான், டிரிப் ஆகவில்லை. அத்தை அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். பில்லைப் பாருங்கள்: ஆர்சிசிபி 380, ‘எர்த் டெஸ்ட்’ 150, ஞாயிறு இரவுக் கூடுதல் 120, கூலி 210. ஆக 860 வெள்ளி. செயலியில் சொன்ன 60 எங்கே என்று கேட்டால், "அது வந்து பாக்குறதுக்கு மட்டும் அக்கா, அத வேணாம்னு விட்டுட்டேன்" என்று தள்ளுபடி செய்த மாதிரி சிரிப்பு வேறு. "ஆப்ல கட்டினா அவங்க கமிஷன் எடுப்பாங்க, எனக்கு பேநவ் பண்ணிடுங்க." பேநவில் (கைப்பேசி எண்ணைப் போட்டு வங்கிப் பணம் அனுப்புவது) வந்த பெயர் செயலியில் இருந்த பெயர் இல்லை. "மச்சான் அக்கவுண்ட்" என்றான். ரசீதில் உரிம எண்ணும் கிடையாது, நிறுவனப் பதிவு எண்ணும் கிடையாது. இரவு பத்து மணிக்கு, அந்நிய ஆள் வீட்டுக்குள் நிற்கும்போது, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சில நாள் கழித்து அத்தை, "குளிக்கறப்ப குழாயைத் தொட்டா சுருக்குனு இருக்கு" என்றார். வயசாச்சு, நரம்பு இழுக்கிறது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். நான் போய் ஈரக்கையோடு குழாயைத் தொட்டேன். நரம்பும் இல்லை ஒன்றும் இல்லை. கரண்ட்!

எதிர்வீட்டு மலாய் அக்கா தங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் நம்பரைக் கொடுத்தார். அறுபது வயது சீன அங்கிள். உள்ளே வருமுன்பே உரிம அட்டையைக் காட்டினார், நான் கேட்கக்கூட இல்லை. பெட்டியைத் திறந்தவர், புது ஆர்சிசிபியில் ‘டி’ என்று போட்டிருக்கும் சின்ன டெஸ்ட் பட்டனை அமுக்கினார். ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது, ஃபிரிஜ் சத்தம் அடங்கியது. பாத்ரூம் வாசலில் ஹீட்டர் சுவிட்சின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அங்கிள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் மெயினை அணைத்துவிட்டு என்னிடம் திரும்பி, யாரம்மா இந்த வேலை செய்தது என்று கேட்டார்.

விஷயம் இதுதான். லைவ் கம்பியில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் அளவுக்கு எங்காவது கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். எங்கள் ஹீட்டரில் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பிச்சுருளில் ஓட்டை விழுந்து தண்ணீரில் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது, அதனால்தான் அன்றைக்கு விழுந்து விழுந்து எச்சரித்தது. இந்த ஆள் ஹீட்டரின் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஆர்சிசிபிக்கு முன்னாலேயே, மெயின் சுவிட்சிலிருந்து நேராக எடுத்து இணைத்துவிட்டான். கசிவு அப்படியே இருக்கிறது, பார்க்க ஆள்தான் இல்லை. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருடன் போய்விட்டான் என்று கூலி வாங்கிப் போயிருக்கிறான். பெட்டியில் பக்கத்தில் இருக்கும் சின்ன சுவிட்ச், எம்சிபி, காப்பாற்றாதா என்றால், அது லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். மனுஷன் உடம்பு வழியாகப் போகிற கொஞ்சம் கரண்ட் அதற்குக் கணக்கே இல்லை.

இதோடு முடியவில்லை. சீலிங்குக்கு மேலே ஹீட்டரில், கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. தானாகக் கழன்றதில்லை என்றார் அங்கிள். பச்சை மஞ்சள் கம்பியின் நுனி பளபளவென்று இருந்தது, ஸ்க்ரூவைக் காணோம். டிரிப் நிற்கிறதா என்று பார்க்க முதலில் அதைத்தான் பிடுங்கியிருக்கிறான். ‘எர்த் டெஸ்ட்’ 150 வெள்ளி என்று எழுதியவன்! அங்கிள் எல்லாவற்றையும் பழையபடி இணைத்து, ஹீட்டரை மாற்றும்வரை அதன் சுவிட்சில் டேப் ஒட்டிவிட்டு வாங்கியது 140 வெள்ளி.

இனி அவர்கள் எங்களை அலையவிட்ட கதை. அந்த ஆளுக்கு வாட்ஸ்ஆப் செய்தேன். "வரேன் அக்கா", "நாளைக்கு அக்கா", "ஜொகூர்ல இருக்கேன் அக்கா". ஃபோட்டோ அனுப்பியதும் ஒரு பதில் வந்தது பாருங்கள்: "நீங்கதானே டிரிப் ஆகக்கூடாதுன்னு சொன்னீங்க?" அதோடு பிளாக். செயலியில் முதலில் மெஷின் பேசியது. அப்புறம் ஒரு பெண், பெயர் மட்டும் போட்டு, "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்றார். பணம் எங்கள் வழியாகக் கட்டப்படவில்லை, எனவே பொறுப்பில்லை என்றார். அவனுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். நீல முத்திரை என்றால் கைப்பேசி எண்ணும் அடையாள அட்டையும் பார்த்தோம் என்றுதான் அர்த்தமாம்! ஆளின் முழுப்பெயர், முகவரி கேட்டால் ‘தனிநபர் தகவல்’. நான் எழுதிய ஒரு நட்சத்திர விமர்சனம் விதி மீறல் என்று நீக்கப்பட்டது. கடைசியாக 20 வெள்ளிக் கூப்பன் அனுப்பினார்கள், அதுவும் அவர்களிடமே இன்னொரு ஆளைக் கூப்பிட. 860 வெள்ளிக்கு 20 வெள்ளிக் கூப்பன்!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஒன்றும் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பல்பு மாற்றுவது, பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் மாற்றுவது இவ்வளவுதான் நாம் செய்கிற வேலை. சுவிட்ச் பெட்டி, ஹீட்டர், புதுப் பாயிண்ட் எல்லாவற்றுக்கும் உரிமம் பெற்றவர்தான் வர வேண்டும், இல்லாமல் செய்வது குற்றம். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் இருக்கிறதா இல்லையா தெரிந்துவிடும். ஆள் வருமுன் தேடுங்கள்.

டிரிப் ஆனால் பெட்டியில் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியைத் தூக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அதை இறக்கியே வையுங்கள். மீதி வீட்டுக்கு வெளிச்சம் கிடைக்கும், ராத்திரியோடு ராத்திரியாக எவனையும் கூப்பிட வேண்டாம்.

யாராவது வேலை செய்துவிட்டுப் போனால், அவன் போகுமுன் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். ஹீட்டர் விளக்கும் சேர்ந்து அணைய வேண்டும்.

குழாயில் சுருக்கென்றால் மெயினை அணையுங்கள், அப்புறம் பேசலாம். பேநவ் பெயர் வேறாக இருந்தால் கட்டாதீர்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், ஆணையத்துக்கும் அங்கிளின் படங்களோடு எழுதிவிட்டேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரைக்கும் கட்டணம் 10 வெள்ளிதான், இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். ஆளின் முகவரி கிடைக்காததால் செயலி நிறுவனத்தின் மேலேயே போடப்போகிறேன், 860 வெள்ளிக்கும் அங்கிளுக்குக் கொடுத்த 140க்கும் சேர்த்து. இதே ‘பட்டுக்கோட்டை பக்கம்’ கதையைக் கேட்டுப் பணம் கட்டியவர்கள் இருந்தால், பேநவ் ரசீதை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், புகாரோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.