நாற்பதைக் கடந்தவர்கள் லேசர் கண் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் படிக்கவும்

திருபுவனத்தில் பட்டுத் தறி நெய்பவன் நான், வயது 43. பல ஊர்களில் கிளை பரப்பியிருக்கும் ஒரு தனியார் லேசர் கண் சிகிச்சை மையத்தில் 62,000 ரூபாய் கட்டி, இரு கண்களுக்கும் லாசிக் செய்துகொண்டேன். இப்போது பாவில் ஓர் இழை அறுந்தால், அதைப் பிணைக்க மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

சிகிச்சை தோற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. கம்பகரேசுவரர் கோயில் கோபுரத்துச் சுதைகள் தெருவிலிருந்தே துல்லியமாகத் தெரிகின்றன. ஆனால் என் கண்ணின் பவர் மைனஸ் 3 ஆக இருந்தது. அத்தகைய கண், கண்ணாடியைக் கழற்றினால், சுமார் 33 செ.மீ. தூரத்தில் இருப்பதைத் தெளிவாகக் காணும். தறியில் குனிந்து இழை முடிகிறவனுக்கு அந்தத் தூரம்தான் சோறு போடுகிறது. லேசர் கருவிழியின் வளைவை மாற்றித் தூரப் பார்வையைச் சரிசெய்யும். நாற்பதுக்குப் பிறகு நெகிழ்வை இழந்துவரும் உள் லென்சை அது தொடுவதே இல்லை. ஆகவே தூரத்துக் கண்ணாடி போய், பக்கத்துக்குக் கண்ணாடி வந்துவிட்டது. பக்கத்தில் பார்ப்பதற்காக ஒரு கண்ணில் கொஞ்சம் மைனஸ் பவரை விட்டுவைக்கும் முறையும் உண்டு என்பதைப் பின்னர் வேறொரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அந்த மையத்தின் ஆலோசகப் பெண் படிவத்தில் ‘நெசவு’ என்று தம் கையாலேயே எழுதினார். அது பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “இனிமே கண்ணாடியையே மறந்துடுங்க சார், எங்க வீட்டு ஆளுக்குச் செய்யற மாதிரி பார்த்துச் செய்யறோம்” என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் தீபாவளிக்கென்று வைத்திருந்த கூலிப் பணத்தையும் சேர்த்து 62,000 ரூபாயைக் கட்டினேன். ஒப்புதல் படிவம் முழுவதும் ஆங்கிலம். பரிசோதனைக்காகப் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட பிறகு, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்த நேரத்தில் அதை நீட்டி, கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

குறையைச் சொல்லப் போனபோது முதலில் “போகப் போகச் சரியாயிடும்” என்றார்கள். அடுத்து வறட்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். (லேசர் உள்ளே படுவதற்காகக் கருவிழியின் மேற்பரப்பை மெல்லிய மடலாக வெட்டும்போது நரம்புகளும் அறுபடுவதால் கண்ணீர் குறைவது உண்மைதான், அதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.) கடைசியில் மேலாளர், “இது வயசுக் கோளாறு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே” என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார். என் வயது 62,000 ரூபாயை வாங்கும்போது அவர்களுக்குத் தெரியாதா?

பணம் கட்டும் முன் உங்கள் தொழிலைச் சொல்லி, பக்கத்துப் பார்வை என்னவாகும் என்று மருத்துவரிடமே கேளுங்கள், ஆலோசகரிடம் அல்ல. கருவிழியின் தடிமன், வளைவு வரைபடம் ஆகியவற்றின் நகலை வாங்குங்கள்; கூம்பு வடிவக் கருவிழி உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை கூடாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லுங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அந்த 62,000 ரூபாய்க்கான மனுவைத் தஞ்சாவூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன்.