வீட்டைப் படத்துக்குத் தயார்படுத்தித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் வீட்டையோ காணியையோ விற்க எண்ணியிருக்கும் உறவுகளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டைப் படத்துக்கு ஏற்றவாறு தயார்படுத்தி, இணையத்தில் விளம்பரம் போட்டு, வெளிநாட்டிலுள்ளவர்களுக்கு விற்றுத் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் நான் 85,000 ரூபாவை இழந்தேன். அந்தப் பணத்தைவிட, அம்மாவின் வீட்டுக்கு அவர் செய்துவிட்டுப் போன சேதமே என்னை அதிகம் வருத்துகிறது.

வீடு கரடிப்போக்குச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விட்டுப்போன வீட்டுக்கு நாங்கள் 2010இல் திரும்பி வந்தபோது கூரையும் யன்னல்களும் இல்லை, சுவர்கள் மட்டுமே நின்றன. பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டங்கட்டமாகக் கிடைத்த 550,000 ரூபாவுடன் தன் நகைகளை விற்ற பணத்தையும் சேர்த்து அம்மா அதைக் கட்டி முடித்தார். முன்கதவு மட்டும் முதிரை மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, பலகை தேடி வாங்கிக் கொடுத்துச் செய்வித்தார்.

புரட்டாதி நடுப்பகுதியில் அந்தத் தரகர் வந்தார். “அக்கா, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். வெளிநாட்டுக்காரர் படத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகினம். வீட்டை நான் வடிவாக்கித் தாறன்” என்றார். முற்பணமாக 50,000 ரூபா வாங்கியவர் பற்றுச்சீட்டுத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அச்சடித்த தாள் ஒன்றை மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். ஆறு மாதங்களுக்கு அவரைத் தவிர வேறு எவர் மூலமும் வீட்டை விற்கக்கூடாது என்றும், எடுக்கும் படங்கள் அவருக்கே உரியவை என்றும் அதில் எழுதியிருந்ததைப் பின்னர்தான் வாசித்தேன்.

விற்கும் வீட்டைத் துப்புரவாக்கிப் படமெடுப்பதில் பிழை ஏதுமில்லை. சாமான்களைக் குறைப்பது, யன்னல்களைக் கழுவுவது, குடும்பப் படங்களை எடுத்து வைப்பது எல்லாம் தேவையான வேலைகள்தான். அவர் அனுப்பிய ஆட்கள் அவற்றோடு நிற்கவில்லை. பின்னறையில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் இழுத்து உப்புப் பூத்த சுவர் ஒன்று உண்டு. நிலத்திலிருந்து ஈரம் சுவரில் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் அந்த உப்பு வெண்தூளாகத் தங்கி, மேற்பூச்சை உள்ளிருந்தே தள்ளிவிடுகிறது. பழுதுபட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, ஈரம் ஏறும் காரணத்தைத் திருத்தி, சுவரை நன்றாகக் காயவிட்ட பின்னரே பெயின்ற் அடிக்க வேண்டும். அவர்களோ ஒரே நாளில் மேலால் பட்டி வைத்து வெள்ளை அடித்து முடித்துவிட்டார்கள். அதே வாளியில் மிஞ்சியிருந்த வெள்ளையை, படத்தில் வெளிச்சமாகத் தெரியும் என்று சொல்லி, முதிரைக் கதவுக்கும் அடித்தார்கள். நான் அப்போது வவுனியாவில் இருந்தேன். என்னிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படங்கள் வந்தபோது வீட்டை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பத்துக்குப் பத்து அடி அறை, அகல வில்லையால் எடுத்ததால் மண்டபம் போலத் தெரிந்தது. செம்மண் முற்றத்தில் பச்சைப் புல் விரிந்திருந்தது, ஒழுங்கை முகப்பில் நிற்கும் மின்கம்பம் காணாமல் போயிருந்தது. மிகுதி 35,000 ரூபாவைக் கொடுத்த பின்னரே அந்தப் படங்களைக்கூட எனக்கு அனுப்பினார்.

ஐப்பசியில் முதல் மழைக்குப் பிறகு சுவிற்சர்லாந்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. அந்தத் தங்கச்சி பின்னறைக்குள் போய், கொப்புளித்திருந்த சுவரை நகத்தால் மெதுவாக அழுத்தினார். உள்ளங்கையளவு பெயின்ற் ஓடு கழன்று விழ, அதன் பின்னாலிருந்து உப்புத்தூள் கொட்டியது. “அன்ரி, சுவர் பழுதென்று முதலே சொல்லியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசியிருப்பம். இனி மற்றதை எப்படி நம்புறது?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர்கள் கிணற்றைக்கூடப் பார்க்காமல் திரும்பினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் காணி உறுதிக் காணியா (சொந்த உரிமைப் பத்திரம் உள்ளதா), பெர்மிட் காணியா (அரச அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ளதா) என்று அந்தத் தரகர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட காணிகளில் பெருந்தொகையானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதிப்பத்திரம் மட்டுமுள்ள காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. உண்மையாக விற்றுத்தர வருபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இவரோ உறுதியின் எல்லாப் பக்கங்களையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார், நானும் அனுப்பிவிட்டேன். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உறுதியையும் நில அளவை வரைபடத்தையும் உண்மையாக வாங்க வருபவருக்கு, நொத்தாரிசு முன்னிலையில் காட்டினால் போதும்.

கடந்த கிழமை என் மகன் கைத்தொலைபேசியால் புதிதாகப் படங்கள் எடுத்தான். வீடு கிழக்குப் பார்த்தது என்பதால் முகப்பைக் காலையில் எடுத்தோம். அறைகளில் திரைச்சீலைகளை ஒதுக்கி, மூலையில் நின்று, தொலைபேசியை நெஞ்சு உயரத்தில் சாயாமல் பிடித்து, அகலக் கோணத்தைப் பாவிக்காமல் எடுத்தான். எடுக்க முன்னர் கமராவில் இடக்குறிப்பை நிறுத்தி வைத்தோம், இல்லாவிட்டால் ஆளில்லாத வீட்டின் அமைவிடம் படத்தோடு சேர்ந்து போய்விடக்கூடும். பூச்சுக் கொத்திய பின்னறைச் சுவரையும் அப்படியே எடுத்து, திருத்த எவ்வளவு செலவாகும் என்று மேசன் சொன்ன தொகையைக் கீழே எழுதியிருக்கிறோம். முதிரைக் கதவைத் தச்சுத் தொழிலாளி ஒருவர் தேய்த்துக்கொண்டிருக்கிறார், மேற்பலகையில் மட்டும் மரத்தின் மஞ்சள் திரும்பவும் தெரிகிறது.

மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பற்றுச்சீட்டு இல்லாதபடியால் வட்ஸ்அப் செய்திகளையே சான்றாக வைத்திருக்கிறேன். அந்தத் தரகர் போட்ட விளம்பரம் இன்னமும் நீக்கப்படவில்லை. கரடிப்போக்கில் வெள்ளைக் கதவும் பச்சைப் புல்லுமாக ஒரு வீட்டின் படத்தைக் கண்டால், அதற்கு எவரும் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். அது என் அம்மாவின் வீடு, அங்கே புல்லே கிடையாது.